96 காட்டியும் மூச்சு வாங்குவது ஏன்?

நீங்கள் கேட்டது இதுதான். அப்பாவுக்கு வயது 68. கும்பகோணத்திலிருந்து நவம்பர் முதல் வாரம் தில்லி மயூர் விஹாரில் உங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சுவாமிமலையின் அறுபது படிகளையும் பேசிக்கொண்டே ஏறியவர், இங்கே இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு இருமல். புகைபிடிக்கும் பழக்கம் கிடையாது. பயந்துபோய் ஆக்சிமீட்டர் வாங்கி மாட்டினால் 96 காட்டுகிறது. "ஆக்சிஜன் சரியாகத்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் மூச்சு வாங்குகிறது?" டாக்டர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்து, ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கும் தேதி கொடுத்திருக்கிறார். அப்பாவோ, "இன்ஹேலர் பழக்கமாகிவிடும், வேண்டாம்" என்கிறார்.

நான் டாக்டர் இல்லை. தில்லியில் ஒரு மருத்துவமனையில், அந்த ஊதும் கருவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு 22 வருடமாக "ஸோர் ஸே! ஔர், ஔர், ஔர்!" என்று கத்திக்கொண்டிருப்பவன். ஆளைப் பார்க்காமல் நோயைச் சொல்வது என் வேலையும் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. அநேகமாக எல்லோரும் போடுகிற கணக்குத்தான். மூச்சு என்றால் ஆக்சிஜனை உள்ளே இழுப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். நம் பேச்சுவழக்கு அப்படி நினைக்கவில்லை. நன்றாக இருக்கிறவன் மூச்சு விடுகிறான். முடியாதவனுக்குத்தான் மூச்சு வாங்குகிறது. என் அறைக்கு வருகிறவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு இழுப்பதில் சிக்கல் இல்லை, விடுவதில்தான்.

நுரையீரலை விரிக்கிற தசை நுரையீரலுக்குள் இல்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி உதரவிதானம் இருக்கிறது. அது சுருங்கித் தட்டையாகிக் கீழே இறங்கும்போது மார்புக்கூட்டுக்குள் இடம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று உள்ளே வருகிறது. விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசைகளும் கைகொடுக்கின்றன. இது உழைப்பு. வெளியே விடுவதற்கு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது, உழைப்பே கிடையாது. இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி நுரையீரல் தானாகச் சுருங்கிக்கொள்ளும். இந்த 'தானாக' என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ அரை லிட்டர். நிமிடத்துக்குப் பதினைந்து என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. சித்தர் மரபில் சொல்லும் கணக்கும் இதேதான். சிதம்பரம் பொற்கூரையில் 21,600 ஓடுகள் என்று சொல்வதும் இதை வைத்துத்தான். அரை லிட்டரால் பெருக்கினால் நாளுக்கு 10,800 லிட்டர் காற்று. உங்கள் மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியைப் போல பதினொன்றை தினமும் நிரப்பிக் காலி செய்கிறோம். இதில் ஒவ்வொரு மூச்சிலும் 150 மில்லிலிட்டர் வரை குழாய்களிலேயே நின்றுவிட்டு, எதற்கும் பயன்படாமல் திரும்பிப் போகும். மீதிதான் கடைசி வரை போய்ச் சேரும். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, அது மறுபடி இரண்டாகி, இப்படி இருபது தடவைக்கு மேல் கிளைத்துக் காற்றுச் சிற்றறைகளில் முடிகிறது. அவை 30 கோடிக்குக் குறையாது. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் 70 சதுர மீட்டர் அளவுக்கு வரும், அதாவது 750 சதுர அடி: இரண்டு படுக்கையறை டிடிஏ ஃப்ளாட் ஒன்று. அந்தச் சுவரின் தடிமன் தலைமுடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு அந்தப் பக்கம் ரத்தம் ஓடுகிறது. ஒரு சிவப்பணு முக்கால் வினாடியில் கடந்து போகிறது, அதற்குள் பண்டமாற்று முடிந்துவிடும்.

அந்தப் பண்டமாற்றில் ஆக்சிஜன் தாராளமாகவே கிடைக்கிறது. உள்ளே போகும் காற்றில் 21 சதவீதம், வெளியே வரும்போது 16 சதவீதம். நாம் விடும் மூச்சில்கூட ஒருவரைப் பிழைக்க வைக்கும் அளவுக்கு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது, அதனால்தான் வாயோடு வாய் வைத்து ஊதிக் காப்பாற்ற முடிகிறது. உடம்பு சாதாரணமாகக் காவல் காப்பது கரியமில வாயுவைத்தான். அது ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலும் அமிலத்தன்மை ஏறும். மூளையின் அடித்தண்டில் இருக்கும் முகுளம் அதை உடனே கண்டுபிடித்து, 'விடு, விடு' என்று விரட்டும். ஆக்சிஜனைக் கண்காணிக்கவும் கழுத்துத் தமனியின் பக்கத்தில் ஒரு காவல் இருக்கிறது. ஆனால் அது மெத்தனமான காவல், ஆக்சிஜன் ரொம்பவே இறங்கிய பிறகுதான் சத்தம் போடும்.

ஊர்க் கிணற்றில் தம் பிடித்து முங்குவது ஞாபகம் இருக்கிறதா? தண்ணீருக்கு அடியில் தாங்க முடியாமல் மேலே வரவைத்தது ஆக்சிஜன் குறைவு இல்லை, கரியமில வாயு ஏறியதுதான். சில பையன்கள் முங்குவதற்கு முன்னால் வேகவேகமாகப் பத்து இருபது மூச்சு விட்டுக்கொள்வார்கள். அதனால் ஆக்சிஜன் ஒன்றும் பெரிதாகக் கூடாது. கரியமில வாயுதான் வெளியே போய்விடும். அப்புறம் உள்ளே இருக்கும்போது 'மேலே வா' என்று சொல்ல ஆள் இல்லை, ஆக்சிஜன் தீர்ந்து மயங்கிவிடுவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளும் இப்படி மூழ்கியிருக்கிறார்கள்.

தில்லிக் குளிர்காலத்தில் இதே விஷயம் வேறு வேஷத்தில் வரும். ஒவ்வொரு டிசம்பர், ஜனவரியிலும் பேப்பரில் பார்ப்பீர்கள்: அறைக்குள் அங்கீட்டி என்னும் கரியடுப்பை மூட்டிவைத்துக் கதவைச் சாத்திப் படுத்த குடும்பம் காலையில் எழுந்திருக்கவில்லை. கரி சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு, ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு உட்கார இடமில்லை. ஆனால் கரியமில வாயு வழக்கம்போல வெளியே போய்க்கொண்டே இருப்பதால் மூச்சுத் திணறலே தெரியாது. கொஞ்சம் தலைவலி, கொஞ்சம் தூக்கம், அவ்வளவுதான். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீஸர் ஓடினாலும் இதே ஆபத்து. இந்த நிலையில் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 98 காட்டும், ஏனென்றால் அந்தக் கருவிக்கு இரண்டு வாயுவுக்கும் வித்தியாசம் தெரியாது. (மின்சார ஹீட்டர் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். தின்னாது. அறையை உலர்த்தும், தொண்டை காயும், அதோடு சரி.)

2021 ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் அப்பாவின் நிலைக்கு நேர் எதிரான காட்சியைப் பார்த்தேன். கோவிட் வந்தவர்கள் ஆக்சிமீட்டரில் 80 காட்டும்போது கட்டிலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். சவ்வைக் கடந்து போவதில் கரியமில வாயு ஆக்சிஜனைவிட ஏறத்தாழ இருபது மடங்கு சுலபம். நுரையீரல் கெட்டு ஆக்சிஜன் உள்ளே போகாதபோதும் அது வெளியே வந்துகொண்டிருந்தது. அதனால் உடம்புக்கு அபாயம் உறைக்கவில்லை. ஆக, 80 காட்டியும் மூச்சு வாங்காதவர்கள் உண்டு, 96 காட்டியும் மூச்சு வாங்குகிறவர்கள் உண்டு. இரண்டும் தனித்தனிக் கணக்கு.

ஆக்சிமீட்டரின் அடிப்படையை 1974-ல் ஜப்பானில் தக்குவோ அவோயாகி என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். அந்தக் கருவி உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு போன 2020-ல்தான் அவர் காலமானார். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே அனுப்பி, ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனோடு இருக்கிறது என்று கணிக்கிறது. சதவீதம் என்பதைக் கவனியுங்கள். ரத்தசோகையில் ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்தவருக்கும் 98 காட்டலாம்; ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்கும் லாரி என்று வைத்தால், லாரிகள் பாதி காலி என்பதில்லை, லாரிகளே பாதிதான். இன்னொன்று, குளிரில் விறைத்த விரலிலும் மருதாணி விரலிலும் எண் தப்பாக வரும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் பொறுத்து, எண் நிலைத்த பிறகு பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது 95-க்கு மேல் இருந்தால் அந்தக் கணக்கு சரி. படியேறி வந்த உடனேயும் ஒரு தடவை பார்த்து எழுதிவையுங்கள். 90-க்குக் கீழே போனால் நிலைமை படிப்படியாக இறங்காது, சறுக்கிவிடும்.

சரி, அப்பாவுக்கு எது மூச்சு வாங்க வைக்கிறது? ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். உட்கார்ந்துகொண்டு முடிந்தவரை மூச்சை உள்ளே இழுங்கள். இப்போது கால்வாசி மட்டும் வெளியே விட்டு நிறுத்துங்கள். அந்த நிலையிலிருந்து மறுபடி இழுங்கள், மறுபடி கால்வாசி விடுங்கள். நாலைந்து தடவைக்கு மேல் முடியாது. மார்பு நிறையக் காற்று இருக்கிறது, ஆனால் காற்றுப் போதவில்லை என்று தவிப்பீர்கள். ஆஸ்துமாக்காரர் வாழ்வது இந்த நிலையில்தான்.

ஆஸ்துமாவில் சின்னக் காற்றுக் குழாய்களின் சுவர் வீங்கி, சுற்றியிருக்கும் தசை இறுகி, சளியும் சேர்ந்து வழி குறுகுகிறது. உள்ளே இழுக்கும்போது மார்பு விரிவதால் குழாயும் கொஞ்சம் திறந்துகொள்ளும், காற்று போய்விடும். விடும்போது குழாய் இன்னும் நெரியும். அந்த விசில் சத்தம், நாம் இளைப்பு என்றும் வீசிங் என்றும் சொல்வது, விடும்போது அதிகம் கேட்பது அதனால்தான். உள்ளே போனது முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்த மூச்சுக்கு நேரமாகிவிடும். மிச்சம் உள்ளேயே தங்கும். தட்டையாகிக் கிடக்கும் உதரவிதானத்துக்கு இறங்க இடமில்லை. சமதரையில் நடக்கும்போது விட நேரம் கிடைப்பதால் சமாளித்துவிடலாம். படியேறும்போது மூச்சு வேகமெடுக்கும், ஒவ்வொரு மூச்சையும் விடக் கிடைக்கும் நேரம் சுருங்கும், தங்கும் காற்று கூடிக்கொண்டே போகும். முதல் மாடி சுலபமாகவும் இரண்டாவது மாடித் திருப்பம் மலையாகவும் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். விடியற்காலை மூன்று, நான்கு மணி இருமலும் இதோடு ஒத்துப்போகிறது; காற்றுக் குழாய்கள் அந்த நேரத்தில்தான் இயல்பாகவே அதிகம் இறுகும்.

சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதற்கு அண்ணன். ஆஸ்துமாவில் இறுகிய குழாய் மருந்துக்குத் திறக்கும், சிஓபிடியில் முழுதாகத் திறக்காது. போதாததற்கு நுரையீரலின் அந்த ரப்பர் தன்மையே தளர்ந்துவிடும். 'தானாக' என்று சொன்னேனே, அது போய்விடும். விடுவதற்கும் வயிற்றை எக்கி உழைக்க வேண்டிவரும். பீடி, சிகரெட் முக்கியக் காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. என் அத்தை சிகரெட்டைக் கண்ணால் பார்த்ததோடு சரி. நாற்பது வருடம் விறகடுப்பிலும் வறட்டியிலும் சமைத்தவர். ஒரு கோடையில் இங்கே வந்திருந்தபோது விளையாட்டாக ஊதச் சொன்னேன். திரையில் வந்த கோடு, தினமும் இரண்டு பாக்கெட் ஊதித் தள்ளிய ஆளின் கோடு மாதிரி இருந்தது. புகை பிடிக்கவில்லை என்பதும் புகை படவில்லை என்பதும் ஒன்றில்லை. அப்பா முன்பு என்ன வேலை பார்த்தார், நெல் அரவையா, மரப்பட்டறையா, பஞ்சாலையா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி தில்லிக் காற்று. நவம்பரில் காற்றின் வேகம் குறையும். இரவில் தரை குளிர்ந்து, மேலே இருக்கும் சூடான அடுக்கு பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி நகரத்தின் மேல் உட்கார்ந்துவிடும். வாகனப் புகை, குப்பை எரிப்பு, கட்டடத் தூசு, பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கும் வைக்கோல் தாள், தீபாவளி மிச்சம் எல்லாம் அந்த மூடிக்குக் கீழே சேரும். கும்பகோணத்தில் கடற்காற்று வந்து அடித்துக்கொண்டு போகும், இங்கே கடல் ஏது. ஒருநாள் சராசரியாக பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்தூசு, ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய வரையறை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. மயூர் விஹாருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆனந்த் விஹாரில் நவம்பரில் 300 என்பது அதிசயமில்லை. 300 என்றால் நாளுக்கு 10,800 லிட்டர் காற்றோடு மூன்று மில்லிகிராம் தூசு. எடையாகக் கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். சிக்கல் அதன் அளவில்தான்.

பெரிய தூசை மூக்கே பிடித்துவிடும். அதைத் தப்பியது குழாய்ச் சுவரின் சளியில் ஒட்டும். அந்தச் சளியை நுண்ணிய மயிரிழைகள் வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துடித்து, வயலில் நாற்று காற்றுக்குச் சாய்வது போல ஒரே திசையில் சாய்ந்து, தொண்டை வரைக்கும் தள்ளிக்கொண்டு வரும். நாம் தெரியாமலே விழுங்கிவிடுவோம். 2.5 மைக்ரானுக்குக் கீழே இருப்பது இந்த ஏற்பாட்டையெல்லாம் தாண்டிச் சிற்றறை வரை போகும். அங்கே மயிரிழை கிடையாது, தூசை விழுங்கும் செல்கள் மட்டும்தான். அவை விழுங்கி விழுங்கி வீக்கத்தைக் கிளப்பும். ஏற்கெனவே கொஞ்சம் இறுகும் சுபாவமுள்ள குழாய் இருந்தால், ஊரில் இருக்கும் வரை வெளியே தெரியாதது இங்கே வந்த பத்தாம் நாள் தெரிந்துவிடும். நான் பார்த்த வரையில் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் தில்லி நோய் கொடுப்பதைவிட, இருந்ததை வெளிச்சம் போட்டுக் காட்டுவதுதான் அதிகம்.

அப்பா காலை ஐந்து மணிக்குக் காவிரிக்கரை வழக்கத்தில் நடக்கப் போகிறார் என்றால் உடனே நிறுத்துங்கள். அந்த மூடி இறுக்கமாக இருப்பது அந்த நேரத்தில்தான். உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஏழு லிட்டர் என்றால், வேகமாக நடக்கும்போது இருபத்தைந்து, முப்பது லிட்டர். மூச்சு வேகமானால் வாய் வழியாகவும் போகும், மூக்கின் வடிகட்டியும் இல்லை. மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள், வெயில் அடிக்கும்போது நடக்கட்டும். காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டிய நாளில் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். வெளியே போயே ஆக வேண்டும் என்றால் முகத்தோடு ஒட்டும் என்95 மாஸ்க். துணி மாஸ்க் மனதுக்கு ஆறுதல், நுண்தூசுக்கு ஜன்னல்.

மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு டிகிரிக் காற்றை நுரையீரலுக்குப் போவதற்குள் உடம்புச் சூட்டுக்கு ஏற்றி, முழு ஈரமாக்கி அனுப்புகிறது. அந்த ஈரத்தில் ஒரு பங்கைத் திரும்பும்போது இழக்கிறோம். காலையில் பேசும்போது வாயிலிருந்து புகை வருவதை அப்பா பேரனுக்கு ஊதிக் காட்டிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன், எல்லா ஊர்த் தாத்தாக்களும் முதல் குளிர்காலத்தில் அதைச் செய்வார்கள். அந்த ஈரம் போவதும் இருமலைத் தூண்டும். வெளியே இறங்கும்போது மஃப்ளரை மூக்கையும் சேர்த்துச் சுற்றச் சொல்லுங்கள். ஒரு நாசி அடைத்து, சில மணி நேரத்தில் மற்றது அடைத்தால் பயப்பட வேண்டாம், அது முறை மாற்றிக்கொள்ளும் இயல்பு. 1895-ல் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் அதை எழுதினார். மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்று சரம் பார்க்கிற நம்மவர்களுக்கு அது இடகலை, பிங்கலை என்று முன்பே தெரியும்.

பேரன் என்றதும் ஞாபகம் வந்தது. குளிர்காலத்தில் தெருவெல்லாம் வறுத்த வேர்க்கடலை. ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையைத் தட்டுவோம். கடலை வலது பக்கக் குழாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். வலது குழாய் அகலமும் நேரும் அதிகம், வழுக்கிக்கொண்டு போவது அங்கேதான். திடீரென்று ஒரு நாள் புரையேறி, பிறகு வாரக்கணக்கில் விடாத இருமல் என்று வரும் குழந்தைகளில் சிலருக்கு உள்ளே இருந்து எடுப்பது அரைக் கடலை.

இன்ஹேலருக்கு வருகிறேன். அப்பாவின் பயத்தைச் சிரித்து ஒதுக்க வேண்டாம், கணக்காகச் சொல்லுங்கள். காற்றுக் குழாயைத் திறக்கும் சால்புட்டமால் மாத்திரை பெரும்பாலும் 4 மில்லிகிராம். வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, கடைசியில் கொஞ்சம் குழாய்க்குப் போகும். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம், மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போவதால் அவ்வளவு போதும். பிரஷர் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் அதைப் பழக்கம் என்று சொல்வதில்லை. எந்த இன்ஹேலர் உடனடி நிவாரணத்துக்கு, எது வீக்கத்தை ஆற்றத் தினமும் போடுவது என்று டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வகையைத்தான் 'நன்றாக இருக்கிறேனே' என்று பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள், அப்புறம் ஜனவரியில் எமர்ஜென்சிக்கு வருவார்கள்.

போடும் விதத்தில் பாதிப் பேர் தப்புச் செய்வது முதல் அடியிலேயே. அழுத்தும் முன் மூச்சை முழுதாக வெளியே விட வேண்டும். விட்டால்தான் இடம். அப்புறம் அழுத்திக்கொண்டே மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கி, பிறகு விட வேண்டும். இது அழுத்தும் டப்பா வகைக்கு. பொடி வகை என்றால் வேகமாக இழுக்க வேண்டும். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவராவிட்டால் ஸ்பேசர் வாங்குங்கள், இன்ஹேலரில் மாட்டி மருந்தைப் பிடித்துவைத்து இழுக்கும் குழல் அது. அதில் வெட்கம் எதுவும் இல்லை, வயதானவர்களுக்கு அதுதான் நல்லது. ஸ்டீராய்டு இருந்தால் போட்டதும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

மாடி ஏறும்போது இதைச் செய்யச் சொல்லுங்கள்: ஒரு படிக்கு மூக்கால் இழுத்து, இரண்டு படிக்கு உதட்டைக் குவித்து விசிலடிப்பது போல மெதுவாக விட வேண்டும். குவித்த உதடு உள்ளே கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைத்து, சின்னக் குழாய்கள் நெரியாமல் பிடித்துக்கொள்ளும். இழுக்கும் பூரகத்தைப் போல விடும் ரேசகம் இரண்டு பங்கு என்று பிராணாயாமம் கற்றவர்களுக்குச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இதெல்லாம் ஆஸ்துமாவாகவோ சிஓபிடியாகவோ இருந்தால். வேறு சிலவற்றையும் பார்த்துவிட வேண்டும். அப்பா பிரஷருக்கு ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் அதுவே வறட்டு இருமல் கொடுக்கும். கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு மருந்து போடுகிறாரா என்று பாருங்கள். கண்ணில் விடுவது மூச்சுக்குழாயை இறுக்கும் என்று யாரும் நினைப்பதில்லை, ஆனால் இறுக்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது, கணுக்கால் வீங்குகிறது என்றால் கேள்வி இதயத்தைப் பற்றியது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியைக் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும், அரசு மையங்களில் இலவசம். இரும்புச்சத்துக் குறைவும் படியில்தான் முதலில் தெரியும்.

பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை, உட்கார்ந்திருக்கும்போதே கழுத்துத் தசை இழுக்கிறது, உதடு நீலமாகிறது, பேச்சு குழறுகிறது, சூடான விரலிலும் 90-க்குக் கீழே காட்டுகிறது, நெஞ்சு வலிக்கிறது: இதில் எது வந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வாங்கிவைத்து நாமே கூட்டிக் குறைப்பது வேண்டாம். முற்றிய சிஓபிடிக்காரர்கள் சிலருக்கு ஆக்சிஜனை அதிகமாகக் கொடுத்தால் கரியமில வாயு தேங்கி மயக்கத்தில் போவார்கள். அவர்களுக்கு 88-லிருந்து 92 வரை போதும் என்றுதான் டாக்டர்களே வைப்பார்கள்.

ஊதும் பரிசோதனைக்கு அப்பாவைத் தயார் செய்துவிடுங்கள். 1846-ல் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் தன் கருவியைப் பற்றி எழுதிய காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. முழுதாக இழுத்து, முழுதாக விட வேண்டும். எவ்வளவு விடுகிறார் என்பதைவிட, முதல் ஒரு வினாடியில் எவ்வளவு விடுகிறார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். ஆரோக்கியமான குழாய்கள் இருந்தால் மொத்தத்தில் பத்துக்கு ஏழு பங்குக்கு மேல் அந்த ஒரு வினாடியிலேயே வெளியே வந்துவிடும். குறுகியிருந்தால் விட்டு முடிக்க நேரம் நீண்டுகொண்டே போகும். பிறகு மருந்து கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள். நன்றாகக் கூடினால் ஆஸ்துமா பக்கம், அவ்வளவாகக் கூடாவிட்டால் சிஓபிடி பக்கம் என்று டாக்டர் யோசிப்பார்.

அன்று காலை இன்ஹேலர் போடலாமா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இறுக்கமான சட்டை வேண்டாம், பல் செட் ஆடாமல் இருந்தால் கழற்ற வேண்டாம். மூக்கில் கிளிப் மாட்டுவார்கள். குறைந்தது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஆறு வினாடிக்காவது விடாமல் ஊத வேண்டும். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில்தான் பக்கத்தில் நிற்பவர் இந்தியில் உரக்கக் கத்துவார். அது திட்டு இல்லை, "இன்னும், இன்னும்" என்று அர்த்தம் என அப்பாவிடம் சொல்லிக் கூட்டிப் போங்கள். ரோசப்பட்டுப் பாதியில் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டால், மறுபடி முதலிலிருந்து ஊதச் சொல்லுவோம்.